குரல் பூட்டுக்கு ஒரு விதி

செருப்பை உள்ளேயே கழற்றிவிடு, டெல்ஃபின். வெளியே கிடந்தால் எதிர்வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். ரெண்டையும் கொண்டுபோனாலாவது மனசு ஆறும். ஒன்றை மட்டும் கொண்டுபோகும்.

உட்கார். உள்ளே வந்து உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயந்த மாதிரி வாசலிலேயே ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். "மைனி, இனிமே அவங்க போன் பண்ண மாட்டாங்க, நான்தான் வேண்டாம்னு சொன்னேன்." சரி, சொல்லிவிட்டாய். நான் கோபப்பட்டேனா? காபி போடட்டுமா என்றுதானே கேட்டேன்.

ரோமி என் வீட்டுக்காரர் கிளாட்வினோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவன். எனக்குக் கொழுந்தன் மாதிரி. அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை 'நீங்க, வாங்க' என்றால் எனக்கே வேற்றாளிடம் பேசுகிற மாதிரி இருக்கும். நீ என்றே சொல்கிறேன், வருத்தப்படாதே.

நான் கேட்பது சின்ன விஷயம். சாயங்காலம் கோயில் மணி அடித்த பிறகு ஐந்து நிமிஷம் அவன் போன் பண்ண வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறமும் பண்ண வேண்டும். அவன் குரலில்கூடப் பேச வேண்டாம். கிளாட்வின் குரலில் பேசினால் போதும்.

மெதுவாகப் பேசு. மேசைக்கு அடியில் இருக்கிறாள். ஜோவி, வெளிய வா, ஆன்ட்டிக்கு ஸ்தோத்திரம் சொல்லு. சொல்ல மாட்டாளாம். சரி, பக்கத்து வீட்டு பிளேவியா ஆன்ட்டிகிட்ட போய் கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிட்டு வாடா. ஓடாதே. சுவத்தப் பிடிச்சிட்டே போ.

பக்கத்துக் கதவுதான். இருந்தாலும் அவள் திரும்பி வருகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், டெல்ஃபின். கேஸ் சிலிண்டர், மாடிப்படி, காய்ச்சல், லாரி. முன்னே இப்படி இல்லை.

அவள் இல்லாதபோதே சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் கிளாட்வின் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார். ஜோவிக்குத் தெரியாது. அப்பா கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற அப்பா உன் ரோமிதான். இதெல்லாம் உனக்கும் தெரியும். ஆனால் ஏன் என்று தெரியாது. அது தெரியாமல்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

அது ஒரு விளையாட்டிலிருந்து வந்தது. சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இந்த மேசையில்தான் ஆட்டம். கிளாட்வின், ரோமி, துறைமுக யார்டில் இவர்களோடு வேலை பார்த்த இன்னும் ரெண்டு பேர், நான். சீட்டாட்டம் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கதைக்குள் போகிற விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேஷம். நீ என்ன செய்யப்போகிறாய் என்று வாயால் சொல்ல வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், அது நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். இருபது முகம் இருக்கிற பகடை. கிளாட்வின் எங்கிருந்தோ வரவழைத்தார். பகடை என்றதும் எனக்கு முதலில் பயம். சிலுவைக்கு அடியில் உட்கார்ந்து ஆண்டவருடைய சட்டைக்குச் சீட்டுப் போட்டார்களே, அந்த ஞாபகம். கன்னியர் மடத்தில் சிஸ்டர்மார் வளர்த்த பிள்ளை நான்.

எங்கள் கதையில் நடுக்கடலில் ஒரு கோபுரம். கடலில் இருக்கிற முத்தையெல்லாம் வளைத்துப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிற கம்பெனி ஒன்று. நாங்கள் அதற்குள் புகுந்து முத்தைத் திருடித் திரும்பக் கடலில் போட வேண்டும். கதை நடத்துகிறவர் கிளாட்வின். ஒவ்வொரு கதவுக்கும் அவர்தான் காவல் என்பதால் அவரை வாட்ச்மேன் என்போம்.

நான் எப்படித் திருடினேன் தெரியுமா? ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டு, 'உள்ளே வரலாமா' என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். என்ன செய்வது, அப்படியே பழகிவிட்டது. ரோமி சொல்வான், "மைனி, நீங்க திருடப் போறீங்களா, கோயில்ல புதுநன்மை வாங்கப் போறீங்களா?"

அந்தக் கோபுரத்தில் சாவி போடுகிற பூட்டே கிடையாது. எல்லாம் ஆளைப் பார்த்துத் திறக்கிற பூட்டு. விரல் ரேகைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. இவற்றை எப்படி ஏமாற்றுவது என்று கிளாட்வின் வாங்கிய புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான். பகடை உருட்டு, பெரிய எண் விழுந்தால் கதவு திறக்கும். கிளாட்வினுக்கு அது பிடிக்கவில்லை. "இது என்னட்டி, லாட்டரிச் சீட்டு மாதிரி. பூட்டுன்னா அதுக்கு ஒரு குணம் வேண்டாமா?" என்றார். அவர் தினமும் யார்டு கேட்டில் விரல் வைத்து உள்ளே போகிறவர். அந்த மெஷின் கயிறு இழுத்துத் தேய்ந்த விரலை நம்பாது. சொந்த விரலை வைத்துக்கொண்டு, நான் நான்தான் என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார்களாம். அந்தக் கடுப்பில் அவரே விதி போட்டார்.

விரல் பூட்டுக்குப் பகடை உண்டு. ஆனால் உடையவர் தொட்ட பொருள் ஒன்று முதலில் உன் கையில் இருக்க வேண்டும். கதையில் அவர் குடித்த தம்ளர், அவர் பிடித்த கைப்பிடி, ஏதாவது. உடையவர் கடலில் வேலை செய்கிறவராக இருந்தால் பகடையில் விழுந்ததிலிருந்து கழிக்க வேண்டும், உப்புத் தின்ற விரலில் ரேகை ஏது. கண் பூட்டுக்குப் பகடை இல்லை. வாட்ச்மேனுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் ஒரு அருள் நிறை மரியே சொல்லி முடிக்கிறவரைக்கும் இமைக்காமல் அவரைப் பார்க்க வேண்டும். நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. பாதி ஜெபத்தில் அந்த மனுஷன் மீசையை ஆட்டுவார்.

குரல் பூட்டுக்கும் பகடை இல்லை. வாட்ச்மேன் கண்ணை மூடிக்கொள்வார். பூட்டுக்கு உடையவருடைய குரலில் நீ ஒரு வாக்கியம் பேச வேண்டும். கதையில் அவர் முன்னே சொல்லியிருக்காத வாக்கியமாக இருக்க வேண்டும், கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லக் கூடாது. வாட்ச்மேன் நம்பிவிட்டால் ஒரு நீலப் பொத்தான் கொடுப்பார். என் தையல் டப்பாவிலிருந்து எடுத்த பொத்தான்கள். நம்பாவிட்டால் கரண்டியால் தம்ளரில் ஒரு தட்டுத் தட்டுவார். அது அபாய மணி. எல்லோரும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

இதில் நான் சேர்த்த விதி ஒன்று உண்டு. எனக்கு வேஷக்குரல் வராது. மிரட்டுகிற முதலாளியாகப் பேசினாலும் ஜெபமாலை சொல்லுகிற மாதிரியே வரும். ஆனால் கிளாட்வின் எனக்குப் பொத்தான் கொடுத்துவிடுவார். ரோமி சண்டைக்கு வருவான். "இது அநியாயம்லே. பொண்டாட்டின்னா பூட்டு தானா தொறக்குமோ?" எனக்கும் கூச்சமாக இருந்தது. அதனால் நானே சொன்னேன், நம்பினால்தான் பொத்தான், பாவம் பார்த்துக் கொடுக்கக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே விதியாகிவிட்டது. எனக்கு விதி பிடிக்கும், டெல்ஃபின். ஞானோபதேசக் கேள்வி பதில் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தேன். சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள்.

ரோமிக்குக் குரல் பூட்டென்றால் கொண்டாட்டம். கோயில் திருநாள் நாடகத்தில் ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லுகிற பிலாத்தும் அவன்தான், பிலாத்தின் பெண்டாட்டியும் அவன்தான். நாங்கள் அவனுக்கு வைத்த பேர் கிளி. அவன் பேச ஆரம்பித்தால் ஜோவி அவள் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கிளாட்வின் தன் கண்ணையும் மூடி, ஒரு கையால் அவள் கண்ணையும் பொத்துவார். "ரெண்டு வாட்ச்மேன். நீ சொல்லு, ஜோவி, நம்பலாமா?" சில நாள் பொத்தானை எடுத்துக் கொடுப்பதே அவள்தான். அப்போது அவளுக்கு என்ன புரிந்திருக்கும், குழந்தை.

வந்துவிட்டாள். குடுடா. இவ்வளவு கறிவேப்பிலையா? சரி, போய் விளையாடு. அந்தத் தகர டப்பாதான் அவளுக்கு எப்போதும். அந்தப் பொத்தான்களேதான்.

நான் மெதுவாகச் சொல்கிறேன், நீ பக்கத்தில் வா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். அதைத் திறந்தால் முத்து. கிளாட்வின் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சொன்னார், "இந்தப் பூட்டு வாட்ச்மேனோட சொந்தக் குரலுக்குத்தான் தொறக்கும். கிளி, நீ என்ன மாதிரி என்கிட்டயே பேசணும். நான் நம்பணும்." ரோமி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றான். "இரு லே, பசிக்கி," என்றார். "புரோட்டா வாங்கிட்டு வாரேன். வந்து கண்ண மூடுதேன்."

ரவுண்டானா வரைக்கும்தான் போனார்.

அழாதே. நீ அழுதால் அவள் பார்ப்பாள். கண்ணைத் துடை. காபி ஆறுகிறது பார்.

அன்றைக்கே ஜோவியைப் பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அடக்கம் முடிந்து, வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அங்கே அவள் சோறே தின்னவில்லை. காய்ச்சல் வந்து வலிப்பு வந்துவிட்டது. ஏங்கிப்போயிருக்கிறாள், அவள் கேட்பதைச் செய்துகொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்டது என்ன? வேறு என்ன கேட்பாள். கட்டிலில் கொதிக்கக் கொதிக்கக் கிடந்துகொண்டு, "அப்பா எங்க, அப்பா எங்க" என்று. நான் கப்பல் என்று சொல்லிவிட்டேன். "அப்ப போன் போடு" என்றாள்.

எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ரோமியைக் கூப்பிட்டேன். முதலில் முடியாது என்றான். "மைனி, அது பாவம் மைனி" என்றான். பிள்ளை சாகக் கிடக்கிறது, எது பாவம் என்று கேட்டேன். ஸ்பீக்கரில் போடுங்க என்றான். அப்புறம் போனில், கிளாட்வின், "ஏட்டி ஜோவிக்குட்டி, என்னட்டி காய்ச்சலாமே?" என்றார்.

கிளாட்வின் என்றா சொன்னேன்? ரோமி. ரோமிதான் சொன்னான்.

நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரியுமே, என் கண் முன்னாலே பிலாத்தாகவும் பெண்டாட்டியாகவும் பேசுகிறவன்தான். தெரிந்தும் வாசலை எட்டிப் பார்த்தேன். ஜோவி அசையவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முடிந்ததும் என்னைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு பொத்தானை எடுத்துத் தனியே வைத்தாள். அப்புறம் கஞ்சி குடித்தாள். நானும் அன்றைக்குத்தான் ஒரு வாய் தின்றேன்.

அன்றிலிருந்து தினமும். மணி அடிக்கும், போன் வரும், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். எங்கும் ஓடமாட்டாள், பராக்குப் பார்க்கமாட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், "அம்மா, நீயும் கேளு" என்று என் கையைப் பிடித்து உட்காரவைப்பாள். தனக்கு மட்டும் அப்பா வேண்டுமென்று நினைக்காத பிள்ளை. பேசி முடித்ததும் ஒரு பொத்தானை எடுத்துத் தனியே வைப்பாள். அப்பா வருகிற நாளைக்குக் கணக்கு வைக்கிறாள், பாவம். 

அப்புறம் ஒரே தட்டில் ரெண்டு பேரும் சாப்பிடுவோம். முதல் வாய் எனக்குத்தான் ஊட்டுவாள். நான் முழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

என்ன, நான் மெலிந்துபோனேனா? அது இந்த நைட்டி அப்படித் தெரியும். என்னை விடு.

ரோமிக்குச் சளி பிடித்திருந்த அன்றைக்கு ஒரு கூத்து. அவன் பேச ஆரம்பித்ததும் இவள் கரண்டியை எடுத்துத் தம்ளரில் ணங்கென்று தட்டிவிட்டாள். நான் கையில் ஒரு அடி வைத்தேன். அப்பா பேசும்போது என்ன சத்தம் என்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பொத்தானை எடுத்து வைத்தாள். பசி வந்தால் அவளுக்கு இப்படித்தான், என்ன செய்கிறோம் என்றே தெரியாது.

குழந்தைகள் எதையாவது எதோடாவது முடிச்சுப் போடும். ரோமியின் அம்மா படியில் வழுக்கி விழுந்தார்களே, அந்த வாரம் இவள் போனில், "அப்பா, உங்க அம்மாக்குக் கால் வலி போயிட்டா?" என்றாள். கிளாட்வினின் அம்மா இவள் பிறக்கும் முன்னே போனவர்கள்.  ரோமிக்கு எதிலும் சட்டென்று சமாளிக்கத் தெரியாது. நான்தான் போனை வாங்கி, சிக்னல் இல்லை என்று வைத்தேன்.

அவன் நேரில் வந்தால் ஓடிப்போய் மேலே விழமாட்டாள். மாமா என்று பக்கத்தில் போய் நின்று, "தொண்ட வலிக்கா?" என்று கேட்பாள். என்னை வெந்நீர் போடச் சொல்லி, தானே தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பாவின் சிநேகிதன் என்று அவ்வளவு பாசம். அவனும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே எழுந்து போய்விடுவான். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றால் கேட்கமாட்டான்.

என்ன சொன்னாய்? பிள்ளைக்குத் தெரியுமா?

சேச்சே. உனக்குக் குழந்தை பிறக்கட்டும், அப்புறம் சொல்லு. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தெரிந்தால் அன்றைக்கு மாதிரி வலிப்பு வராதா? வரவில்லையே.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வாசலில் சொன்னாயே, உன்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கிளாட்வின் குரல் வந்துவிடுகிறது என்று. பட்டுச்சேலை எடுக்கப்போன கடையில், 'ஏட்டி, இந்தக் கலர் எப்படி' என்றானாம். நீ திரும்பிப் பார்த்தாயாம், அவன் முகம் வெளுத்துப்போனதாம். போன் பேசி முடித்தபிறகு யார்டுக்குப் பின்னால் போய்க் குந்தியிருக்கிறான் என்றாய். 'அவங்க அவங்களா பேசி நாளாச்சு மைனி.' அப்படித்தானே சொன்னாய்? எனக்கு வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார். அவன் பெரிய ஆள். உன்னைக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடுவான். இவள் குழந்தை. ஒருதடவை தகப்பனை இழந்தவளிடமிருந்து இன்னொருதடவை பிடுங்குவாயா?

அதுவும் விதிப்படி பார்த்தால் அவன் ஆட்டம் இன்னும் முடியவில்லை. கடைசிக் கதவு அவன் முறை. முறையை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது.

மணி அடிக்கிறது. பார், சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிட்டாள். டப்பா, தம்ளர், கரண்டி, எல்லாம் கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். கண்ணையும் மூடிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல், வேண்டாம் என்று.

பண்ணுவான். உன்னிடம் சரி என்று சொல்லியிருப்பான், ஆனால் பண்ணுவான். எனக்கு அவனைத் தெரியும். மழையென்றால் கொஞ்சம் பிந்தும்.

இன்றைக்கு மழை இல்லைதான்.

சரி, நானே போடுகிறேன். அவன் எடுக்காமல் இருக்கமாட்டான். ரிங் போகிறது. போகிறது பார், அணைத்துவைக்கவில்லை.

என்ன சத்தம் அது?

டெல்ஃபின், உன் கைப்பையிலா?

அவன் போனை உன்னிடமே கொடுத்து அனுப்பிவிட்டானா? அவனேவா கொடுத்தான்? கையில் இருந்தால் பண்ணிவிடுவேன் என்று சொன்னானா?

அதை நிறுத்து. நிறுத்தென்று சொல்கிறேன், பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டாள், பையையே பார்க்கிறாள். ஒண்ணுமில்லடா ஜோவி, ஆன்ட்டியோட போன். அப்பா இப்பப் பண்ணுவாங்க. கப்பல்ல சிக்னல் இருக்காது. கண்ண மூடிக்கோ. அழக்கூடாது, என்ன? அம்மா அழல. அம்மாக்குக் கண்ணுல தூசி.

இரு, எங்கே எழுந்திருக்கிறாய்? உட்கார். இவள் என்னமோ செய்கிறாள். என்னடா? தம்ளரை ஏன் வாயில் வைக்கிறாய்? என்னை உட்காரச் சொல்கிறாள். உட்கார்ந்துதானே இருக்கிறேன். டப்பாவை என் மடியில் வைக்கிறாள். "அம்மா, இப்ப நீதான் வாட்ச்மேன். கண்ண மூடு." கேட்டாயா? இதெல்லாம் இவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? அம்மாக்கு இப்ப விளையாட முடியாதுடா. சரி, சரி. மூடாவிட்டால் விடமாட்டாள். மூடிவிட்டேன்.

"ஏட்டி செலா."

என் பேர், டெல்ஃபின். செலஸ்டினா. அவர் மட்டும்தான் செலா என்பார். தம்ளருக்குள் பேசுகிறாள், அதனால் குரல் கனமாகக் கேட்கிறது. வேறொன்றுமில்லை. அந்த 'ஏட்டி'யை எங்கே இழுப்பார், எங்கே விடுவார் என்று, ரோமிக்குக்கூட அந்த இடம் வராது. நீ பேசாமல் இரு. இன்னும் முடிக்கவில்லை.

"ஏட்டி செலா. நான் வரமாட்டேன். நீ சோறு சாப்புடு."

வரமாட்டேன் என்று அவர் சொன்னதே இல்லை. எங்கே போனாலும் வாரேன் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ரோமியும் போனில் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் முன்னே சொல்லியிருக்காத வாக்கியம். விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது.

டப்பா என் மடியில்தான் இருக்கிறது. கண்ணைத் திறக்காமலே கைக்கு ஒரு பொத்தான் வந்துவிட்டது. இந்தாடா. கை எங்கே, நீட்டு.

பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை, டெல்ஃபின். நீ சாட்சி. அந்த விதியைப் போட்டதே நான்தான்.

நீ கிளம்பு. ரோமியிடம் அவன் போனைக் கொடுத்துவிடு. தொண்டைக்கு வெந்நீர் குடிக்க ஜோவி சொன்னாள் என்று சொல்லு. கதவை மெதுவாகச் சாத்து. சோறு எடுத்துவைக்க வேண்டும், இவள் காத்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்ச நேரம் இப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு எழுந்திருக்கிறேன்.